எதிர்ப் பிளாட்பாரம்

கருப்பர் இசையைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: ஒப்பாரி. ப்ளூஸ் என்றால் கருப்பர்களின் ஒப்பாரி, பருத்திக்காட்டுக் கண்ணீர், அடிமையின் விம்மல். எழுதுகிறவர் நம்ம தோழராகத்தான் இருப்பார். நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார். என்றாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும், இவர் ஒரு ராத்திரியாவது இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாரா என்று. கேட்டிருந்தால் கால் சும்மா இருந்திருக்காதே.

ரிதம் அண்ட் ப்ளூஸ் உட்கார்ந்து அழுவதற்கு உண்டான இசை அல்ல. இரண்டாம் உலகப்போரை ஒட்டி, தெற்கத்திப் பண்ணைகளை விட்டு லட்சக்கணக்கில் சிகாகோ, டெட்ராய்ட் என்று ரயிலேறிப் போன கருப்பர்கள், ஆலைகளிலும் கசாப்புக் கூடங்களிலும் உழைத்து, வாரக்கூலி வாங்கின கையோடு ஆடப்போன இடத்தில் வளர்ந்த இசை அது. கூட்டத்தின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்றுதான் கித்தாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். மௌத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துப் பொத்தி ஊதினார்கள். லூயி ஜோர்டன் 1940களில் பாடினதெல்லாம் கேலி, சாப்பாடு, கூத்து. துயரம் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் துயரப்பட்டவன் சனிக்கிழமை ராத்திரி என்ன செய்தான் என்பதுதான் அந்த இசையின் விஷயம்.

அப்படியானால் ஒப்பாரி என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது? நம் தோழர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. பாடினவனுக்கு எதிரே உட்கார்ந்து கேட்ட வெள்ளைக்கார ரசிகன் கட்டின கதை அது. கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. அதனால்தான் அந்த ரசிகனின் ராத்திரிகளைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இங்கிலாந்தில் இப்படி ஒரு தலைமுறை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள். இப்போது எண்பதைத் தொடுகிற கிழவர்கள். பப்புகளின் பின்னறையிலும், லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் நிலவறையில் இருக்கிற 100 கிளப்பிலும் பழைய ஆர் அண்ட் பி குழு வாசிக்கிறது என்றால் இன்றைக்கும் முன்னால் போய் நிற்பார்கள். வீட்டுக்கு வந்து எழுதி வைக்கிறவர்களும் உண்டு. எந்தப் பாட்டில் தொடங்கினார்கள், மௌத் ஆர்கன் யார், பழைய ஆட்களில் எத்தனை பேர் மிச்சம், கூட்டத்தில் எவ்வளவு வேர்வை. அன்போடு எழுதப்பட்ட குறிப்புகள். இந்த அன்பை நான் பொய் என்று சொல்ல வரவில்லை. 1962 அக்டோபரில் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் ஜான் லீ ஹூக்கரும் டி-போன் வாக்கரும் வில்லி டிக்ஸனும் வருகிறார்கள் என்று லண்டனிலிருந்து வேன் பிடித்துப் போன பொடியன்களில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸும் இருந்தார்கள். அவ்வளவு தூரம் போக வைக்கிற ஆசை லேசுப்பட்டது அல்ல. ஆனால் ஆசை எங்கே உட்கார்ந்து பார்த்தது என்று கேட்கலாம் இல்லையா?

அதற்குப் படமாகவே ஒரு சாட்சி இருக்கிறது. 1964 மே 7, அதே மான்செஸ்டர். கிரனாடா தொலைக்காட்சிக்காரர்கள் வில்ப்ராம் ரோடு என்கிற மூடிக்கிடந்த ரயில் நிலையத்தைப் பிடித்தார்கள். அதை அமெரிக்கத் தெற்கத்தி ஸ்டேஷன் மாதிரி சோடித்தார்கள். பெட்டிகள், பீப்பாய்கள், ஆட்டைக் கொண்டுவந்து கட்டியாயிற்று, கோழியும் விட்டாயிற்று. பெயர்ப்பலகையில்கூட ஊர்ப்பெயரை மாற்றி எழுதினார்கள். இந்த சோடனைக்கு நடுவில் பாட வந்தவர்கள் யார் தெரியுமா? மடி வாட்டர்ஸ், ஓட்டிஸ் ஸ்பேன், சோனி டெர்ரி, பிரவுனி மெக்கீ, சிஸ்டர் ரோசெட்டா தார்ப். எல்லோரும் பல வருசம் பெரிய நகரங்களில் வாசித்துப் பேர் வாங்கினவர்கள். மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு வந்து இருபது வருசம் ஆகியிருந்தது. மின் கித்தாரை வைத்து ஒரு நகரத்து இசையையே உண்டாக்கின ஆள். அவரைக் கோழிக்கும் மூட்டைக்கும் நடுவே நிறுத்தினார்கள். ரோசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்.

ரசிகர்கள் எங்கே? எதிர்ப் பிளாட்பாரத்தில். பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். மான்செஸ்டரிலிருந்து ரயிலிலேயே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் பாடுகிறவர்கள், அந்தப் பக்கம் கேட்கிறவர்கள், நடுவே தண்டவாளம். நம்மாட்களில் யார் பார்த்தாலும் அந்த இடைவெளி சட்டென்று கண்ணில் படும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடுகிற ரோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

அன்றைக்கு நல்ல மழை. ரோசெட்டா தார்ப் அந்த மழையைச் சாக்காக வைத்து மழையைப் பற்றிய ஒரு ஜெபப்பாட்டை எடுத்தார். கனத்த கோட்டு, கழுத்தில் மின் கித்தார், கோயிலில் பாடிப் பழகின குரல். கித்தாரை அடிக்க ஆரம்பித்த பிறகு ஆடும் கோழியும் பெயர்ப்பலகையும் காணாமல் போய்விடுகின்றன. அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பரிதாபத்துக்கு உரிய எதுவும் அந்த அம்மாவிடம் இல்லை. சிரிக்கிறார், அதட்டுகிறார், எதிரே உட்கார்ந்திருப்பவர்களைக் கைதட்ட வைக்கிறார். அவர் 1973-இல் பிலடெல்பியாவில் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்லில்லை. முப்பது வருசத்துக்கு மேல் அப்படியேதான் கிடந்தது. ராக் இசையின் கௌரவ மண்டபத்தில் பெயர் சேர்க்க 2018 வரை ஆயிற்று.

இந்தக் கோழி, ஆடு சமாச்சாரம் ஒரு தொலைக்காட்சி இயக்குநரின் கிறுக்கு என்று தள்ளிவிட முடியாது. முன்னாலேயே ஆரம்பித்தது. 1938-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் பிக் பில் ப்ரூன்ஸியை மேடையேற்றினபோது, ஆர்கன்சாவில் ஏர் ஓட்டுகிற ஆள் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் அப்போது சிகாகோவில் வரிசையாக இசைத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். 1958-இல் மடி வாட்டர்ஸ் முதன்முதலாக இங்கிலாந்து வந்து, சிகாகோவில் வாசிக்கிற மாதிரியே மின் கித்தாரைச் சத்தமாக வைத்து வாசித்தபோது சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அசல் ப்ளூஸ் இப்படியா இருக்கும் என்று. அசலை உண்டாக்கின ஆளைப் பார்த்தே இந்தக் கேள்வி. சரி, இவர்களுக்கு இதுதான் வேண்டுமாக்கும் என்று அவர் 1963-இல் சாதாக் கித்தாரோடு வந்தார். அதற்குள் இளவட்டங்களுக்கு மின் கித்தார் மோகம் பிடித்துவிட்டது. ஏன் இப்படி மெதுவாக வாசிக்கிறார் என்று கேட்டார்கள். எது அசல் என்று முடிவு செய்கிற உரிமை மட்டும் எல்லாக் காலத்திலும் எதிர்ப் பிளாட்பாரத்திலேயே இருந்தது.

இன்னொரு கதை. 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பையன்கள் சிகாகோவில் செஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். தங்கள் குழுவுக்கே மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து பெயர் எடுத்தவர்கள். அங்கே மடி வாட்டர்ஸ் ஏணியில் ஏறி நின்று கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார், மூஞ்சியெல்லாம் வெள்ளை என்று கீத் ரிச்சர்ட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். கம்பெனி முதலாளியின் மகன் மார்ஷல் செஸ், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறுத்தார். முதலாளி வீட்டுப் பிள்ளை மறுப்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லைதான். ஆனால் மடி வாட்டர்ஸ் கோட்டு சூட்டு இல்லாமல் வெளியே தலைகாட்டாத ஆள். சிகாகோ தெற்குப் பக்கத்தில் ராஜா மாதிரி நடந்தவர். எனக்கு அந்தச் சம்பவத்தை விட, அந்தக் கதை ரசிகனுக்கு ஏன் அவ்வளவு பிடித்திருக்கிறது என்பதுதான் யோசனை. தன் தெய்வம் கூலி வேலை செய்வதைப் பார்த்துக் கண்கலங்குகிற சுகம் ஒன்று இருக்கிறது. அந்தத் தெய்வத்தின் கணக்கில் கம்பெனி எவ்வளவு வரவு வைத்தது என்று கேட்டால் அந்தச் சுகம் கலைந்துபோகும். மடி வாட்டர்ஸும் வில்லி டிக்ஸனும் தங்கள் பாட்டுகளின் உரிமைக்காகக் கம்பெனியைச் சேர்ந்த பதிப்பு நிறுவனத்தின் மேல் 1970களில் வழக்குப் போட வேண்டியிருந்தது. இது மட்டும் ரசிகர் கதைகளில் ஓரமாகத்தான் வரும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற பெயரை இந்த இசைக்கு வைத்தது அதை வாசித்தவர்கள் அல்ல. பில்போர்டு என்கிற வியாபாரப் பத்திரிகை கருப்பர் வாங்குகிற இசைத்தட்டுகளுக்குத் தனிப்பட்டியல் போட்டு, அதற்கு 'இனத் தட்டுகள்' என்று பெயர் வைத்திருந்தது. 1949-இல் அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர், அந்தச் சொல் நன்றாக இல்லை என்று ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று மாற்றச் சொன்னார். பிறகு 1969-இல் 'சோல்', 1982-இல் 'கருப்பர்', 1990-இல் மறுபடியும் ஆர் அண்ட் பி. பெயரை மாத்தினாங்களே ஒழிய பட்டியலை எடுக்கலை. ஹரிஜன் என்று கூப்பிட்டுப் பார்த்தவர்களின் நாட்டில் இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

அமெரிக்கத் தெற்கில் இந்தக் குழுக்கள் 1950களில் வாசித்த மண்டபங்கள் பலவற்றில் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் கருப்பர், மறுபக்கம் வெள்ளையர். சில இடங்களில் கருப்பர்கள் கீழே ஆடுவார்கள், வெள்ளையர்கள் மாடியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆடுகிறவனை வேடிக்கை பார்க்கிறதற்குத் தனி டிக்கெட்! கயிறு அறுந்த ராத்திரிகளும் உண்டு. பாட்டு சூடேறினபோது இரு பக்கத்துப் பிள்ளைகளும் கயிற்றை மீறி ஆடியிருக்கிறார்கள், போலீஸ் வந்து நிறுத்தியிருக்கிறது. அந்த இசைக்கு இருந்த பலம் அதுதான். நம் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகள் கலகம், கொண்டாட்டம் என்று பக்கம் பக்கமாக விவாதித்தனவே, அதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த விவாதங்களில் ருஷ்யப் பேராசிரியர் வந்தார், பிரெஞ்சுப் பேராசிரியர் வந்தார். இந்தக் கயிறு வரவே இல்லை.

இசையை நேசித்தால் மனுசனை நேசித்ததாகிவிடுமா? 1976 ஆகஸ்ட் 5, பர்மிங்ஹாம் ஓடியன் அரங்கு. ப்ளூஸ் கித்தாரில் இங்கிலாந்தே கொண்டாடின எரிக் கிளாப்டன் மேடையில் நின்று, வந்தேறிகளை வெளியேற்ற வேண்டும், இனாக் பவல் சொல்வதுதான் சரி என்று கத்தினார். படித்தது முழுக்கக் கருப்பர்களின் வாசிப்பு. இரண்டு வருசத்துக்கு முன் அமெரிக்காவில் அவருக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த பாட்டு, பாப் மார்லி எழுதினது. பல காலம் கழித்து வருத்தம் தெரிவித்தார். அது இருக்கட்டும். உடனே என்ன நடந்தது என்பது முக்கியம். ரெட் சாண்டர்ஸ் என்கிற புகைப்படக்காரரும் நண்பர்களும், உன் இசையில் பாதி கருப்பருடையது அல்லவா என்கிற பொருளில் இசைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து 'இனவெறிக்கு எதிரான ராக்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30-இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரக்கணக்கில் கூடினார்கள். எழுதினவர்களும் ரசிகர்கள்தான். எதிர்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வெள்ளைத் தொழிலாளிப் பையன்கள் இதை எடுத்து வாசித்ததில் என்ன தப்பு, வர்க்கம் ஒன்றுதானே என்று சில தோழர்கள் கேட்பார்கள். டாக்டர் ஃபீல்குட் குழுவை எடுத்துக்கொள்வோம். தேம்ஸ் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கிடங்குகள் நிற்கிற கேன்வி தீவுக்காரர்கள். குழுவின் பெயரே ஒரு கருப்பின பியானோக்காரரின் பாட்டிலிருந்து வந்தது. 1976-இல் அவர்களின் மேடைப்பதிவு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அழுக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு லீ பிரில்லோ பாடுவதும், வில்கோ ஜான்சன் கித்தாரைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு மேடையில் முன்னும் பின்னும் ஓடுவதும் பார்க்க அருமையாக இருக்கும். பிச்சை கேட்கிற முகமே இல்லை. ஆட வைக்கிற இசையை ஆட வைக்கிற மாதிரியே வாசித்தார்கள். பிரில்லோ 1994-இல் போனார், வில்கோ 2022-இல் போனார். தொடங்கின ஆட்கள் ஒருவர்கூட இல்லாமலே குழு ஓடுகிறது, ரசிகர்களும் போகிறார்கள். இவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வர்க்கம் ஒன்று என்பதால் கணக்கும் ஒன்றாகிவிடாது. அவர்கள் லண்டன் பப்பில் வாசிக்கக் கிளம்பின அதே 1970களில், அந்த இசையின் பெரிய பாடகி ஒருவர் நியூயார்க் பக்கம் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வர்க்கத்தைப் பேசிச் சாதியை மறைக்கிற வித்தை நமக்குப் பழசு; நிறத்துக்கும் அதே வித்தை செல்லும்.

நம்ம பக்கமும் திரும்பிப் பார்த்துவிடுவோம். சாவுக்கும் சாமிக்கும் ஓசிக்கும் அடிக்கச் சொன்ன பறையை அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் ஒரு பக்கம். அதையே விடுதலைக் கலை என்று மேடையில் ஏற்றினவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் நம் போராட்டம்தான். இப்போது பறை கல்லூரி விழாவில் இருக்கிறது, சினிமாவில் இருக்கிறது, கல்யாண ஊர்வலத்தில் இருக்கிறது. ரசிகர்கள் பெருகிவிட்டார்கள், சந்தோசம். ஆனால் முற்போக்குக் கலை இரவுகள் பலவற்றில் நான் பார்த்திருக்கிறேன்: பேச்சாளருக்கு ரயிலில் படுக்கை டிக்கெட், பறைக்குழுவுக்கு மினிலாரி. பேச்சாளர் பேசுவது பறையின் அழகியலைப் பற்றி! குழுவில் மூத்தவர் ராத்திரி பதினொரு மணிக்கு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரிக்கிறார். நாளைக்கு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அழகியலில் இடம் இல்லை போலிருக்கிறது.

மேலே சொன்ன பாடகியின் பெயர் ரூத் பிரவுன். 1928-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1949-இலிருந்து அட்லாண்டிக் கம்பெனிக்கு வரிசையாக வெற்றித் தட்டுகள் கொடுத்தார். அந்தக் கம்பெனியையே ரூத் கட்டின வீடு என்று சொல்வார்கள். 1960களில் மார்க்கெட் போனதும் வீட்டு வேலை, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை. ராயல்டி? அதைக் கேட்டால் நீதான் எங்களுக்குப் பாக்கி என்று கணக்குக் காட்டினார்கள். ஒலிப்பதிவுச் செலவு, பக்கவாத்தியக்காரர் கூலி எல்லாவற்றையும் பாடினவர் கணக்கில் பற்று எழுதுவது அந்தத் தொழிலின் வழக்கம். முன்பணமாகக் கொடுத்ததையும் அதிலேயே கழிப்பார்கள். பிறகு பழைய பாட்டுகளை மறுபடி மறுபடி வெளியிட்டு விற்கிறபோதும் பற்று தீராது. பண்ணையில் வாரத்துக்கு உழுதவனுக்கு வருசக் கடைசியில் பண்ணைக்காரன் கணக்குப் படிப்பானே, அதே கணக்கு. பண்ணையை விட்டு ஓடிவந்தவர்களுக்கு நகரத்தில் அதே நோட்டுப் புத்தகம் காத்திருந்தது.

இதை உடைத்தது யார் என்பதில்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. ஹவல் பெகிள் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர். சின்ன வயசிலிருந்து ரூத் பிரவுனின் ரசிகர். 1980களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி அவருடைய நிகழ்ச்சிக்குப் போய், மேடைக்குப் பின்னால் தன் பழைய இசைத்தட்டுகளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். இந்தத் தட்டுகளால் எனக்கு ஒரு காசு வருவதில்லை என்று அந்த அம்மா சொன்னார். பெகிள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குறிப்பு எழுதி முடித்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தங்களை எடுத்தார், கணக்குகளைக் கேட்டார், பத்திரிகைகளுக்குப் போனார், வருசக்கணக்கில் இழுத்தார். 1988-இல் அட்லாண்டிக் இறங்கி வந்தது. ரூத் பிரவுன் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட பழைய கலைஞர்களின் 'கடனை' ரத்து செய்தது. இருபது வருச ராயல்டி பாக்கியைத் தர ஒப்புக்கொண்டது. அந்தப் போராட்டத்தில்தான் முதிய கலைஞர்களுக்கு உதவுகிற ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளையும் பிறந்தது. அதற்கும் அந்தக் கம்பெனி பணம் கொடுத்தது. ரூத் பிரவுன் 1989-இல் பிராட்வே நாடகத்துக்கு டோனி விருது வாங்கி, 2006-இல் இறக்கும்வரை மேடையை விடவில்லை. பெகிள் மட்டும் செய்தது என்று ஆக்கிவிடவும் கூடாது. அறுபதை நெருங்கின வயசில் அந்த அம்மா போகிற இடமெல்லாம் இதையே பேசிக்கொண்டு, கம்பெனிக்காரர்களை விடாமல் துரத்தினார். ரசிகன் செய்தது வண்டியைத் தள்ளிக் கொடுத்தது.

இன்னொரு ரசிகர் புரூஸ் இக்லாவர். 1970-ஐ ஒட்டி சிகாகோவில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனியில் பார்சல் கட்டுகிற வேலை. தெற்குப் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் என்கிற கருப்பர் மதுக்கடைக்குப் போய்வருவார். அங்கே ஹவுண்ட் டாக் டெய்லர் தன் இரண்டு ஆட்களோடு வாசிப்பார். மலிவான கித்தார், கிழிந்த ஸ்பீக்கர், பேஸ் கித்தாரே கிடையாது. கூட்டம் மேசைகளுக்கு நடுவே ஆடும். இந்தக் குழுவுக்கு இசைத்தட்டுப் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார் இக்லாவர், நடக்கவில்லை. வீட்டிலிருந்து வந்த சுமார் 2500 டாலரைப் போட்டு 1971-இல் தானே போட்டார். அலிகேட்டர் கம்பெனி அப்படித்தான் தொடங்கியது. குழுவுக்கு வேன் ஓட்டினதும் அவர்தான், நிகழ்ச்சி பேசி முடித்ததும் அவர்தான். அவரும் முதலாளியாகத்தான் ஆனார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த முதல் தட்டைக் கேட்கிறவர்களுக்குத் தெரியும்: ஆடு இல்லை, கோழி இல்லை, மூட்டை இல்லை. கடையில் எப்படி வாசித்தார்களோ அப்படியே, கரகரவென்று, காது அடைக்கிற மாதிரி.

ஃப்ளோரன்ஸில் அவர்கள் வாசித்தது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில். ராத்திரி வெகுநேரம் வைத்துக்கொள்ள முடியாது. ஆடுகிறவர்களுக்கு மறுநாள் காலையில் வேலை இருந்தது.